எடை குறைந்த பன்றிக்குட்டிகளின் குடல்நலம்: கேள்வி-பதில்

கேள்வி: ஈன்ற குட்டிகளில் இரண்டு ஒரு கிலோவுக்கும் குறைவாக உள்ளன. பிறந்த அன்றே மஞ்சள்தூள் கரைசல் புகட்டலாமா?

பதில்: வேண்டாம். தாய்ப்பன்றியின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடைவதில்லை. குட்டி அவற்றைச் சீம்பாலிலிருந்தே பெற வேண்டும், அவற்றைச் சிதைக்காமல் உள்வாங்கும் குடலின் திறனோ 24 முதல் 36 மணி நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. குறைந்தது 200 கிராம் சீம்பால் சேர வேண்டிய அந்தச் சிறிய இரைப்பையில் வேறெதற்கும் இடமில்லை. வலுவான குட்டிகளைச் சற்று நேரம் பிரித்து வைத்துவிட்டு, சிறியவற்றை முதலில் பால் குடிக்க விடுங்கள். படுக்குமிடம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கட்டும். குளிரில் விறைத்த குட்டி மடியைத் தேடிப் போகாது.

கேள்வி: அப்படியானால் மஞ்சள் எப்போது பயன்படும்?

பதில்: பால்குடி மறக்கடிக்கும் காலத்தில். கருவில் ஊட்டம் குன்றிய குட்டிகளின் குடலுறிஞ்சிகள் (ஊட்டத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) பெரும்பாலும் குட்டையாகவும், குடற்சுவர் செல்களின் இணைப்புகள் தளர்ந்தும் இருப்பதால், திடத் தீவனத்துக்கு மாறும்போது கழிச்சல் எளிதில் பற்றுகிறது. இத்தகைய குட்டிகளுக்குக் கிலோ தீவனத்தில் 400 மில்லிகிராம் குர்குமின் (மஞ்சளிலுள்ள முதன்மைச் சேர்மம்) சேர்த்துச் சீனாவில் நடந்த ஆய்வுகளில் குடல் அரண் மேம்பட்டது. மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 4 விழுக்காடு என்று கொண்டால், அந்த அளவை எட்டக் கிலோவுக்கு 10 கிராம் தூள் வேண்டும். ஒரு சிட்டிகை எதற்கும் போதாது. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த தூள் சந்தையில் புழங்குவதுண்டு என்பதால், விரலி மஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஓமம் கொடுக்கலாமா?

பதில்: ஓமத்திலுள்ள தைமோல் என்னும் சேர்மம் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் செல்சவ்வைச் சிதைக்கவல்லது. ஆனால் அது இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், நிறுவனத் தயாரிப்புகளில் கொழுப்புப் பூச்சுடன் வருகிறது. நெடி மிகுந்தால் குட்டி தீவனத்தை ஒதுக்கும். எடை குறைந்த குட்டிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. எனவே குறைவாகத் தொடங்கி, தொட்டியில் மிஞ்சும் தீவனத்தை நாள்தோறும் பாருங்கள்.

கேள்வி: கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு இவை மாற்றாகுமா?

பதில்: உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கான கொலிஸ்டினின் தயாரிப்பையும் விற்பனையையும் இந்திய அரசு 2019இல் தடை செய்தது சரியான முடிவு. தாவரச் சேர்மங்கள் தடுப்புக்குத் துணை நிற்கலாம், ஆனால் முற்றிய கழிச்சலைக் குணப்படுத்தா. கண்கள் குழிந்து, இழுத்துவிட்ட தோல் மெதுவாகத் திரும்பினால், உடனே உப்பு-சர்க்கரைக் கரைசலைப் புகட்டிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.