சியன்னா வானுக்குப் பின்னால என்ன கொழுவலாம்?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: களுவாஞ்சிக்குடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் கோடைக்கு வாறாங்க, பிள்ளைகளோட சேர்த்து ஆறு பேர், வீட்டில நிக்கிறது ஒரு பழைய வி6 எஞ்சின் டொயோட்டா சியன்னா வான். வருசத்தில ரெண்டு மூண்டு தரம் பார்க் பக்கம் போய்த் தங்க, மலிவா ஒரு பழைய மோட்டர் ஹோம் (படுக்கை, அடுப்போட சொந்த எஞ்சினில ஓடுற வீட்டு வண்டி) வாங்கலாமா, இல்லாட்டி வானால இழுக்கிற, உள்ளுக்குத் தங்கக்கூடிய ட்ரெய்லர் நல்லமா? நீங்க இருக்கிறது ஒன்ராறியோ எண்டபடியால இங்கத்தைய விதியை வச்சே சொல்றன்.

மோட்டர் ஹோம் யோசனையை விட்டுடுங்க. வருசத்தில பத்து மாசம் ஓடாம நிக்கிற எஞ்சினில ரப்பர் குழாய் காஞ்சு வெடிக்கும், பிறேக் இறுகிப் பிடிச்சுக்கொள்ளும், பற்றரி செத்துப்போகும். பின்னுக்கு இரட்டைச் சில்லு எண்டா டயர் ஆறு. நிலத்தில படுற பூத் தேயாமலே வயசு போய் வெடிக்கிற சாமான் அது. மலிவு விலைக்கு வாறதில கனக்க ஃபோர்ட் ஈ-350, ஈ-450 சட்டத்தில கட்டினது, 6.8 லீட்டர் வி10 எஞ்சின். நூறு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 லீட்டர் குடிக்கும். ரொறன்ரோவிலிருந்து சட்பரி போய்த் திரும்ப ஏறக்குறைய 800 கிலோமீட்டர். 200 லீட்டருக்கு மேல பெற்றோல் அடிக்க வேணும். போதாததுக்கு 1990களின் கடைசியிலயும் 2000த்தின் தொடக்கத்திலயும் வந்த வி10களில ஸ்பார்க் பிளக்குக்குப் புரி குறைவு; பிளக் கழண்டு வெளியே பாயுறது பேர்போன குறை.

விக்கிறவர் “சேஃப்டி எடுத்துத் தாறன்” எண்டு சொல்லுவார். அதை நம்பி மயங்க வேணாம். 36 நாள் செல்லுபடியாகிற அந்தச் சான்றிதழ் பிறேக், டயர், ஸ்டியரிங், லைட் போன்ற வாகனப் பக்கத்தைத்தான் பார்க்கும். கூரை ஒழுகுதா, ஹீட்டர் எரியுதா எண்டு ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க. படுக்கை எட்டு எண்டு விளம்பரத்தில கிடக்கும், உள்ளுக்குச் சீட் பெல்ட் நாலுதான் இருக்கும். நீங்க ஆறு பேர்.

ட்ரெய்லருக்கு வருவம். வேற லைசென்ஸ் தேவையில்லை. கார் ஓட்டுற ஜி வகை லைசென்சில 4,600 கிலோ வரை இழுக்கலாம். ஓடக்குள்ள ட்ரெய்லருக்குள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது, அது சட்டம். அம்மா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் எண்டு நினைச்சா நடக்காது, ஆறு பேரும் வானுக்குள்ளதான். உங்கட கணக்கு இறுகுறது இந்த இடத்திலதான்.

வி6 சியன்னாவுக்கு இழுவை எல்லை 3,500 இறாத்தல் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. உங்கட வருசத்துக்கும் மாடலுக்கும் உரியதை வானோட வந்த புத்தகத்தில பாருங்க. அந்த எண்ணை வச்சுக்கொண்டு “2,700 இறாத்தல் ட்ரெய்லர்தானே, தாராளமா இழுக்கும்” எண்டு கணக்குப் போடுறதுதான் பிழை. அந்த 2,700 வெறும் பெட்டியோட எடை. பற்றரிக்கு 60, நிரப்பின புரோப்பேன் சிலிண்டருக்கு 37, நூறு லீட்டர் தண்ணிக்கு 220. எங்கட ஆக்கள் பயணம் எண்டா கிடாரம், அரிசி, பாய், தலகணி எண்டு வெளிக்கிடுற ஆக்கள், அதுக்கு ஒரு 350 வையுங்க. 3,350ஐத் தாண்டிப்போச்சு. அதனால விளம்பரத்தில போட்ட வெற்று எடையைப் பார்க்காம, ட்ரெய்லரோட முன்பக்கத்துத் தகட்டில ஜிவிடபிள்யூஆர் எண்டு இருக்கிற உச்ச எடையைப் பார்த்து வாங்குங்க.

அதைவிட முக்கியம், வானோட சாரதிக் கதவைத் திறந்தா தூணில ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல கூடாது எண்டு. உதாரணத்துக்கு 550 கிலோ எண்டு வச்சுக்கொள்ளுங்க. சராசரி 65 கிலோப்படி ஆறு பேர் 390. ட்ரெய்லரோட மூக்கு வானோட கொக்கியில அமத்துற பாரமும் இந்தக் கணக்குக்குள்ளதான். அது மொத்த எடையில 10 முதல் 15 வீதம் இருக்க வேணும். மேல சொன்ன ட்ரெய்லர் ஏறக்குறைய 1,500 கிலோ, அதுக்குக் குறைஞ்சது 150 கிலோ. மிச்சம் 10 கிலோ. அதுக்குள்ள உங்கட பைகளை எங்க வைக்கிறது? பாரத்தைக் குறைக்க எண்டு ட்ரெய்லரோட பின்பக்கத்தில சாமானை அடுக்கினா மூக்கு இலேசாகும். நெடுஞ்சாலையில 100இல போகக்குள்ள வால் ஆடத் தொடங்கி வானையே இழுத்துக் கிறுக்கிப்போடும்.

ஆக, ஆறு பேரும் ஒரே வானில போறதெண்டா உங்களுக்கு ஏற்றது நிரப்பின பிறகும் 2,000 இறாத்தலுக்குள்ள நிக்கிற மடிப்பு ட்ரெய்லர், பொப்-அப் எண்டு சொல்றது. ரெண்டு பேர் வேற காரில வருவாங்க எண்டா 16 அடிக் கெட்டிச் சுவர் ட்ரெய்லரில சின்னதொண்டை யோசிக்கலாம். மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டா ட்ரெய்லருக்குச் சொந்தப் பிறேக் கட்டாயம். அதுக்கு வானில, ட்ரெய்லர் பிறேக்கை இயக்குற பிறேக் கொன்ட்ரோலரும் ஏழு முனைப் பிளக்கும் பூட்ட வேணும். ட்ரான்ஸ்மிஷன் கூலர் இல்லாட்டி அதையும் போட்டுடுங்க, இழுவையில முதல்ல சூடேறிச் சாகிறது ட்ரான்ஸ்மிஷன்தான்.

பொப்-அப்பில குறை இல்லாம இல்லை. படுக்கை உயரத்தில இருக்கும், முழங்கால் நோ உள்ள ஆளுக்கு ஒரு சின்னப் படி தேவை. கனக்கப் பொப்-அப்பில கழிவறை இராது. பார்க்கில கழிவறைக் கட்டடத்துக்குக் கிட்டவா இடம் எடுக்க வேணும். மழையில மடிச்சுக்கொண்டு வந்தா வீட்டில அடுத்த நாளே விரிச்சுக் காய வைக்க வேணும், விட்டா துணி பூஞ்சணம் பிடிக்கும். டவுன்ஹவுசில இருந்துகொண்டு அதை எங்க விரிக்கிறது எண்டு முதல்ல பாருங்க. பார்க்கப் போன இடத்தில ரெண்டு தரம் முழுக்க உயர்த்தி இறக்கச் சொல்லுங்க. தூக்குற கம்பி அறுந்தா ஒரு மூலை மட்டும் கீழ நிக்கும்.

கெட்டிச் சுவர் எண்டா ஒரே ஒரு எதிரிதான், தண்ணி. தோணியில ஓட்டை விழுந்தா உடன தெரியும், இதில ரெண்டு மூண்டு வருசம் கழிச்சுச் சுவர் உக்கினாப் பிறகுதான் தெரியும். கூரை விளிம்பில, காற்றுத்துளையைச் சுத்தி, ஜன்னல் மேற்பக்கத்தில, மேல இருக்கிற சின்னச் சிவப்பு லைட்டுகளின் அடியில பசை வெடிக்கும். இலையுதிர் கால மழை அந்த வெடிப்பில இறங்கும், பனிக்காலத்தில உறைஞ்சு விரியும், வெடிப்பு பெருக்கும். உள்ளுக்கு இருக்கிறது மெல்லிய மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும். அது உக்கினா திருத்துற கூலி ட்ரெய்லரின் விலையைத் தாண்டும்.

அதனால ஏணி ஒண்டும், பத்திருபது டாலருக்கு வாங்கக்கூடிய ஈரமானியும் கொண்டு போங்க. மழை பெய்ஞ்ச அடுத்த நாள் போனா இன்னும் நல்லம். வெளியே சுவரை ஒரு பக்கமா நிண்டு வெளிச்சத்துக்கு எதிராப் பார்த்தா, கொப்பளம் மாதிரி உப்பின இடம் தெரியும். அது பசை விட்ட சுவர், தொடாதீங்க. உள்ளுக்குப் போய் மேல் மூலைகள், அலமாரியின் உட்புறம், படுக்கைக்கு அடியில முன் மூலைகள், கதவடி நிலம் எல்லாத்தையும் பெருவிரலால அமத்துங்க. மெதுமெதுப்பா இருந்தா உக்கல். ஈரமானி மரத்தில 15க்குக் கீழ காட்டினா சரி, 20ஐத் தாண்டினா வீட்டுக்குத் திரும்புங்க. ஒரு சுவர் மட்டும் புதுசாப் பெயின்ற் அடிச்சிருந்தாலும், உள்ளுக்கு வாசனைத் திரவியம் மணத்தாலும் ரெண்டாம் தரம் யோசியுங்க. கூரையில சாதாரண சிலிக்கன் அப்பியிருந்தா அதுவும் கெட்ட அடையாளம்: அதுக்கு மேல வேற பசை ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேணும். ரப்பர் கூரைக்கு உரியது தானாப் பரவுற லாப் சீலன்ற் எண்ட பசை.

மற்றதெல்லாம் காசால தீர்க்கக் கூடிய பிரச்சினை. டயரின் பக்கத்தில டிஓடி எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2317 எண்டா 2017ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. ஆறு வருசம் தாண்டினா, பூ எவ்வளவு இருந்தாலும் மாத்துங்க. எஸ்டி எண்டு போட்ட ட்ரெய்லர் டயரே வேணும், கார் டயர் இல்லை. சில்லு பெயறிங்குக்கு வருசத்துக்கு ஒருக்கா கிறீஸ் வைக்க வேணும். கொண்டு வரக்குள்ள இருபது முப்பது கிலோமீட்டரில நிப்பாட்டிச் சில்லின் நடுவைத் தொட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க ஏலாத சூடு எண்டா பெயறிங், இல்லாட்டி இழுபடுற பிறேக்.

ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே புரோப்பேனில போட்டு வைக்கச் சொல்லுங்க. இந்த வகை குளிர ஆறு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். நீங்க போன நேரத்தில போட்டுக் காட்டினா ஒண்டும் தெரியாது. பின்பக்கத்தில மஞ்சள் தூளோ அமோனியா மணமோ இருந்தா அது முடிஞ்ச ஃபிரிட்ஜ். ட்ரெய்லர் சமமா நிக்காம நாள்க்கணக்கில ஓடவிட்டாலும் இந்தக் கதிதான். தண்ணிப் பம்பைப் போட்டு எல்லாப் பைப்பையும் பூட்டுங்க. பூட்டின பிறகும் இடைக்கிடை பம்ப் தானா இயங்கினா எங்கையோ ஒழுகுது. காபன் மொனொக்சைட் அலாரத்துக்கும் காஸ் அலாரத்துக்கும் முடிவுத் திகதி இருக்கு. புரோப்பேன் சிலிண்டர் பத்து வருசம் தாண்டினா மறுபரிசோதனை இல்லாம ஒருத்தரும் நிரப்பித் தரமாட்டாங்க. இதுகளுக்கெண்டு வாங்குற விலையில கால்வாசியை ஒதுக்கி வையுங்க.

பத்திரம்: ட்ரெய்லருக்கு வருசா வருசம் புதுப்பிப்பு இல்லை. முன்பக்கத்துச் சட்டத்தில இருக்கிற வின் எண்ட வாகன அடையாள இலக்கமும் உரிமைப் பத்திரத்தில இருக்கிறதும் ஒண்டா எண்டு பாருங்க. களவு போற ட்ரெய்லர் குறைவில்லை. அதில கடன் கிடக்கா எண்டு மாகாணப் பதிவில தேடலாம். பார்க்க முதல் முற்பணம் கேட்டா விலகுங்க. வாங்கி ஆறு நாளுக்குள்ள சேர்விஸ் ஒன்ராறியோ எண்ட மாகாண அரசு அலுவலகத்தில பேர் மாத்துங்க. கொழுவி இருக்கக்குள்ள அடுத்தவருக்கு வாற சேதம் பொதுவா வானின் காப்புறுதிக்குள்ள வரும், ட்ரெய்லருக்கே வாற சேதம் வராது; கொம்பனிக்கு எடுத்துக் கேளுங்க. உங்கட நகரசபை வீட்டு முன்வாசலில ட்ரெய்லர் நிப்பாட்ட விடுமா எண்டதையும் கேளுங்க, கன இடத்தில விடாது. வாடகைக்கு நிப்பாட்டுறதெண்டா அந்தக் காசும் கணக்கில சேரும்.

பாவிக்கக்குள்ள ரெண்டு விசயம். பார்க்கில 30 அம்பியர் பிளக் 120 வோல்ற், மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, கேத்தில் 1,500, சோறு குக்கர் 700: மூண்டையும் ஒண்டாப் போட்டா பிறேக்கர் விழுந்துடும். வீட்டில இந்த பிளக்கைப் பூட்ட ஆள் பிடிச்சா 120 எண்டு எழுதியே குடுங்க. துணி உலர்த்திப் பிளக் எண்டு நினைச்சு 240 குடுத்தா உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் எரிஞ்சு போகும். மீன் பொரிக்கிறது, கறி தாளிக்கிறது வெளி அடுப்பில. உள்ளுக்குச் சமைச்சா மெத்தையில ஏறின மணம் போகாது, நீராவியும் சுவரில இறங்கும். சாப்பாட்டையும் சட்டியையும் இரவில வெளியே விடாதீங்க, அல்கொன்குவின் பார்க் பக்கம் கரடி வரும். கழிவறையில நாங்க தண்ணி பாவிக்கிற ஆக்கள், தொட்டி கெதியா நிறையும். கழிவைத் திறக்கக்குள்ள முதல்ல கழிவறைத் தொட்டி, மறுகா குளியல் தண்ணித் தொட்டி. ரெண்டாவது தண்ணி குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

ஒக்டோபர் நடுவுக்குள்ள தண்ணியை முழுக்க வடிச்சு, சுடுதண்ணித் தொட்டியைத் தவிர்க்கிற வால்வைக் கிறுக்கி, ஆர்வி எண்டு சொல்ற இந்தத் தங்குற வண்டிகளுக்குரிய இளஞ்சிவப்பு உறைதடுப்பு ரெண்டு கலனை பம்பால இழுத்து, சூடு குளிர் ரெண்டு பக்கப் பைப்பிலயும் நிறம் வரும்வரை திறந்து விடுங்க. காருக்குப் போடுற பச்சை நஞ்சு, அது வேணாம். பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்க.

வாங்குற காலம் செப்டெம்பர். நிப்பாட்ட இடமில்லாத ஆக்கள் விலையை இறக்குவாங்க, தண்ணியும் இன்னும் வடிக்காமல் இருக்கும், எல்லாத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். வசந்தத்தில போனா “தண்ணி வடிச்சுக் கிடக்கு, இப்ப காட்ட ஏலாது” எண்டு சொல்லுவாங்க. அம்மா அப்பா வந்து நிக்கிற இந்தக் கோடைக்கு ஒரு கிழமை வாடகைக்கு எடுங்க. சொந்தக்காரரே கொண்டு வந்து பார்க்கில நிறுத்தி, விரிச்சுத் தந்து, மறுகா வந்து இழுத்துக்கொண்டு போற வாடகை இருக்கு. வானில ஆறு பேரும் பையோட போகலாம். மாகாணப் பார்க்குகளில இடப் பதிவு ஐந்து மாதத்துக்கு முன்ன, காலை ஏழு மணிக்குத் திறக்கும். மின்சாரம் உள்ள இடங்கள் முதல்ல போயிடும், யூலை நடுவில போறதெண்டா பெப்ரவரி நடுவில விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால இருக்க வேணும்.