அனவுன்ஸ், டிக்ளேர், புரொக்ளெயிம்: மூன்றும் ஒன்றுதானா?

announce, declare, proclaim என்ற இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதி 'அறிவித்தல்' என்றே பொருள் தருவதால் வரும் குழப்பம் இது.

அனவுன்ஸ் என்றால் செய்தியைச் சொல்வது, அவ்வளவுதான். ரயில் தாமதம், திருமணத் தேதி எல்லாம் இதில் அடங்கும். டிக்ளேர் அப்படியன்று. சொல்பவருக்கு அதிகாரமோ பொறுப்போ வேண்டும். பல நேரங்களில் சொன்ன கணத்திலேயே நிலைமையும் மாறிவிடும். கிரிக்கெட்டில் கேப்டன் டிக்ளேர் செய்தால் இன்னிங்ஸ் முடிந்தது. வர்ணனையாளர் அதை அனவுன்ஸ்தான் செய்ய முடியும். விமான நிலையச் சுங்கத்தில் நகையை டிக்ளேர் செய்வதும் இதே கணக்கு: சொன்னது பொய்யானால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

புரொக்ளெயிம் இன்னும் உரத்தது. அதன் லத்தீன் வேருக்கே 'கூவுதல்' என்று பொருள். நம் 'பறைசாற்றுதல்' அதற்கு மிக அருகில் நிற்கிறது. அமெரிக்காவில் 1863-இல் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலை ஆணைக்குப் புரொக்ளமேஷன் என்பதே பெயர். வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டால் சிரிப்பார்கள்.