தினமும் வேலைக்கு ஓட்டும் 1972 செவெலுக்கு எந்த கேம்ஷாஃப்ட் போடலாம்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஷெவர்லே கம்பெனியின் 1972 செவெல் மாலிபு கார், ஆலையில் வந்த 350 (கன அங்குல) இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பவர் பிரேக், ஏசி. டெக்சாஸ் வெயிலில் தினமும் வேலைக்குப் போய் வருகிறீர்கள். இன்ஜினைத் திறக்கப் போகிறீர்கள். வண்டி வேகமாகவும் இருக்க வேண்டும், சிக்னலில் நிற்கும்போது அந்த 'டக் டக்' சத்தமும் வேண்டும். 224/230 கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், போடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடாதீர்கள். 0.050 அங்குலத்தில் 204/214 டிகிரி டியூரேஷன், 0.420/0.442 லிஃப்ட், 112 லோப் செபரேஷன் கொண்ட கேம் போடுங்கள். டியூரேஷன் என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதன் டிகிரி அளவு, லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து எண்ணுவது. லிஃப்ட் என்பது வால்வு எத்தனை அங்குலம் திறக்கிறது என்பது. இரண்டிலும் முதல் எண் இன்டேக், அடுத்தது எக்ஸாஸ்ட். லோப் என்பது கேமில் உள்ள மேடு, இன்டேக் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் நடுவே உள்ள கோணம்தான் லோப் செபரேஷன். எடல்பிராக் கம்பெனியின் பெர்ஃபார்மர் கேம் அந்த அளவில்தான் வருகிறது, வேறு கம்பெனிகளிலும் அதே அளவு கிடைக்கும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் 212/218 வரை போகலாம். இன்ஜினில் வேறு எதையும் மாற்றாதவரை அதற்கு மேல் போக வேண்டாம்.

நானும் ஹூஸ்டன் பக்கம்தான். சனி ஞாயிறு ஆனால் பழைய ஷெவர்லே 350 இன்ஜின்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான் எனக்கும் நண்பர்களுக்கும் வேலை. இந்த ஊர் டிராஃபிக்கில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் வண்டிக்கு எது சரிப்படும் என்பதை நிறையப் பார்த்துவிட்டேன். எண்களோடு சொல்கிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று புரியும்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. குறைந்த ஈயம் கலந்த, ஈயமே இல்லாத சாதாரணப் பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக 1971-இல் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜிஎம் தன் இன்ஜின்களின் கம்ப்ரஷனை இறக்கியது. உங்கள் 350-க்கு அவர்கள் சொன்னது 8.5. நிஜத்தில் அளந்தால் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். இப்போது கேம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். டியூரேஷன் கூடக் கூட அது மூடுவது தள்ளிப்போகும். காம்ப் கேம்ஸ் கம்பெனியின் 212/218 கேமில் இன்டேக் வால்வு அடிமட்டத்துக்கு 54 டிகிரி பிறகு மூடுகிறது, 224/230 கேமில் 60 டிகிரி ஆகிவிடுகிறது. 5000 ஆர்பிஎம்மில் இது லாபம்தான், ஏனென்றால் காற்று வரும் வேகத்தில் பிஸ்டன் ஏறும்போதும் சிலிண்டர் நிறைந்துகொண்டே இருக்கும். 1500 ஆர்பிஎம்மில் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை பிஸ்டன் மறுபடி மேனிஃபோல்டுக்கே (கலவை வரும் குழாய்த் தொகுதி) தள்ளிவிடும். 10 கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். 8.5-இல் இருந்தும் இழந்தால் மிஞ்சுவது ரொம்பக் குறைவு. பெடலை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும்.

அப்படியானால் உங்கள் இன்ஜின் தினமும் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது? மைல் வேகத்தை ஆக்சில் கியர் ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் வகுத்தால் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் 3.08 கியரும் 26 அங்குல டயரும் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் 40 மைல் வேகத்தில் டாப் கியரில் சுமார் 1600 ஆர்பிஎம். ஹைவேயில் 65 மைலுக்கு 2600-ஐ ஒட்டி. அதாவது வேலைக்குப் போய் வரும் வழி முழுவதும் 1500-க்கும் 2700-க்கும் நடுவில்தான் இருக்கப் போகிறீர்கள். 224/230 கேம் விழித்துக்கொள்வதே 2000-ஐத் தாண்டித்தான். அதன் நல்ல இழுவை எல்லாம் நீங்கள் போகாத இடத்தில் கிடக்கும். 3.73 கியர் போட்டால் அது 65 மைலில் 3100-க்கு மேல் ஏறும், பெரிய கேமுக்கு அது பொருத்தம். ஆனால் ஓவர்டிரைவ் இல்லாத டர்போ 350-இல் தினமும் அந்தச் சத்தத்தோடும் பெட்ரோல் செலவோடும் வாழ வேண்டும்.

இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரும் இதே கதைதான். ஆலையில் வந்த கன்வர்ட்டர் இறுக்கமானது. பெரிய கேம் டிரைவில் போட்டதும் இன்ஜினை அமுக்கும், பிரேக்கில் நிற்கும்போதே வண்டி முன்னால் தள்ளும், ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்கி அணைந்தும் போகும். இதைத் தவிர்க்க 2500 ஸ்டால் கன்வர்ட்டர், அதாவது சுமார் 2500 ஆர்பிஎம் வரை வழுக்கிக்கொடுக்கும் கன்வர்ட்டர் வேண்டும். அது வந்தால் சூடும் கூடும், தனியாக ஒரு டிரான்ஸ்மிஷன் கூலர் வேண்டும். ஒரு கேம் வாங்கப் போய் பாதி வண்டியை வாங்க வேண்டி வரும்.

சத்தத்துக்கு வருகிறேன், உங்கள் ஆசை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். அது எங்கிருந்து வருகிறது என்றால், எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும் ஓவர்லாப்பிலிருந்து. ஐடிலில் மேனிஃபோல்டில் வாக்யூம் (உறிஞ்சும் வெற்றிடம்) அதிகம், எரிந்த புகையை அது திரும்ப உள்ளே இழுத்துவிடும். புதிய கலவை கெட்டு, ஒரு சுற்றில் நன்றாக எரியும், அடுத்த சுற்றில் அரைகுறையாக எரியும். அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்குக் கேட்பது. கேட்க இனிமையாக இருந்தாலும் இன்ஜின் அங்கே சரியாக எரிக்கவில்லை.

ஓவர்லாப்பைக் கணக்குப் போடுவது எளிது. விளம்பரத்தில் போடும் இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன் இரண்டையும் கூட்டி நாலால் வகுத்து, லோப் செபரேஷனைக் கழித்து, வருவதை இரட்டிப்பாக்குங்கள். நீங்கள் பார்த்த 224/230 கேம் காம்ப் கேம்ஸ் எக்ஸ்இ268 என்றால், விளம்பர டியூரேஷன் 268/280, செபரேஷன் 110. கணக்கு 54 டிகிரி. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் 262/270-க்கு 46. லோப் செபரேஷனை ஒரு டிகிரி அகட்டினால் ஓவர்லாப் இரண்டு டிகிரி குறையும், அதனால்தான் 108-க்கும் 112-க்கும் ஐடிலில் அவ்வளவு வித்தியாசம். ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பர டியூரேஷனை எந்த லிஃப்டில் அளப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். ஒரே கம்பெனி கேம்களுக்குள்தான் இந்தக் கணக்கை வைத்து ஒப்பிடலாம். வேறு வேறு கம்பெனி என்றால் 0.050 எண்களை மட்டும் பாருங்கள்.

இணையத்தில் கேட்ட சத்தத்தை வைத்து கேம் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வீடியோவில் இருப்பது 383 அல்லது 454 கன அங்குல இன்ஜினாக இருக்கலாம். இன்ஜின் பெரிதானால் அதே கேம் சாதுவாகிவிடும். 454-இல் மென்மையாக ஓடும் கேம் 350-இல் முரடாக நடந்துகொள்ளும்.

சத்தத்தைவிடப் பெரிய விஷயம் பிரேக். பவர் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது மேனிஃபோல்டு வாக்யூமில். நல்ல நிலையில் இருக்கும் உங்கள் 350 ஐடிலில் வாக்யூம் கேஜில் 18 அங்குலத்தை (பாதரச அளவு) ஒட்டிக் காட்டும். 15-க்குக் கீழே இறங்கினால் பெடல் கனக்கத் தொடங்கும். என் நண்பரின் ஷெவர்லே நோவா காரில் முன்னால் இருந்தவர் பெரிய கேம் போட்டு விற்றிருந்தார். வாக்யூம் கேஜை மாட்டிப் பார்த்தோம். டிரைவில், ஏசி ஓடும்போது ஊசி 9-க்கும் 11-க்கும் நடுவே நடுங்கிக்கொண்டே இருந்தது. பார்க்கிங்கில் ஊர்ந்து போகையில் முதல் மிதி சரியாக இருந்தது, உடனே இரண்டாவது மிதித்தபோது பெடல் கல் மாதிரி நின்றுவிட்டது. வாக்யூம் கேனிஸ்டர் வைத்தால் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய வண்டியில் இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஹாலி கார்புரேட்டர் வைத்திருந்தால், வாக்யூம் இறங்கும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வையும் கவனியுங்கள். அது திறக்கும் அளவு ஐடில் வாக்யூமில் பாதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதே பெட்ரோலைக் கொட்டும்.

நிஜமாகவே அதிக பவர் வேண்டும் என்றால், கேமுக்குச் செலவழிக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் வால்வுகளோடு உட்காரும் மூடி) மாற்றுங்கள். 1996 முதல் 2000 வரை ஜிஎம் டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட்டுகள் பழைய ஹெட்டுகளைவிட வெகுவாகக் காற்றை விடும். அவற்றின் சேம்பர் (கலவை எரியும் குழி) 64 சிசி, உங்களுடையது 76 சிசி. மாற்றினாலே கம்ப்ரஷன் 9.5-ஐ ஒட்டி ஏறிவிடும். அப்புறம் 218/224 கேம் கூட உங்கள் வண்டியில் நன்றாக ஓடும், பிக்கப் குறையாது. ஆனால் அவற்றுக்குத் தனி இன்டேக் மேனிஃபோல்டு, தனி வால்வு கவர், செல்ஃப் அலைனிங் ராக்கர் (வால்வை அமுக்கும் கை) எல்லாம் வேண்டும். லிஃப்ட் 0.460-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் ரிடெய்னர் வால்வு கைடில் இடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பழைய ஹெட்டையே வைத்துக்கொண்டால் அதில் ராக்கர் ஸ்டட்கள் அழுத்திச் சொருகியவை, திருகாணி கிடையாது. கடினமான ஸ்பிரிங் போட்டால் மெல்ல மேலே எழும்பி வரும். சின்ன கேம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஃபிளாட் டாப்பெட்டா, ரோலரா. அதாவது லோபின் மேல் ஓடும் லிஃப்டரின் அடி சறுக்குவதா, சக்கரம் வைத்து உருளுவதா. உங்கள் பிளாக் ஃபிளாட் டாப்பெட் காலத்தது. பணம் இருந்தால் ரெட்ரோஃபிட் ஹைட்ராலிக் ரோலர் போடுங்கள் என்றுதான் சொல்வேன். விலை பல மடங்கு, லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள புஷ்ராட் கம்பிகள் மாறும், கேம் முன்னால் நகராமலிருக்க பட்டன் வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் கியர் அந்த கேமின் உலோகத்துக்கு ஒத்துப்போக வேண்டும். ஆனாலும் குறைந்த டியூரேஷனிலேயே அதிக லிஃப்ட் கிடைக்கும், லோப் தேய்ந்துபோகும் பயம் கிட்டத்தட்ட இல்லை.

ஃபிளாட் டாப்பெட் என்றால் முதல் அரை மணி நேரம்தான் அந்த கேமின் ஆயுளைத் தீர்மானிக்கும். லோப் லேசாகச் சாய்ந்து தேய்க்கப்பட்டிருக்கும், லிஃப்டரின் அடி லேசாகக் குவிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் ஓடும்போது தானே சுழலும். சுழலாத லிஃப்டர் தன் லோபைத் தின்றுவிடும். புது கேமுக்குப் புது லிஃப்டர்தான், பழையதை மறுபடி வைக்கவே கூடாது. லோபுகளில் கம்பெனி தரும் மாலிப்டினம் பேஸ்டைத் தாராளமாகத் தடவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி, ராக்கர் வரை ஆயில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைமிங்கும் கார்புரேட்டரில் பெட்ரோலும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தால் பேஸ்ட் வழிந்துபோகும். பிடித்தவுடன் நேராக 2000க்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் நடுவே 20 முதல் 30 நிமிடம் ஓட விடுங்கள், ஐடிலுக்கு இறக்காதீர்கள். ஒரு வால்வு கவரைத் திறந்து வைத்தால் ஆயில் தெறிக்கும், ஆனால் புஷ்ராட் ஒவ்வொன்றும் சுழல்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்று சுழலாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இப்போதைய சாதாரண ஆயில்களில் துத்தநாக பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல் போகாது. பழைய லிஃப்டருக்கு அது போதாது. முதல் ஓட்டத்துக்கு பிரேக்-இன் ஆயில், பிறகும் பழைய இன்ஜின்களுக்கென்று விற்கும் துத்தநாகம் மிகுந்த ஆயில் ஊற்றுங்கள்.

முன்பக்கம் திறந்திருக்கும்போதே, கேமைச் சுழற்றும் செயினும் கியர்களுமான டைமிங் செட்டைப் பாருங்கள். அந்தக் காலத்து ஜிஎம் கேம் கியரில் பற்கள் நைலான். வயதாகி உடைந்து அடியில் உள்ள ஆயில் தொட்டியில் விழுந்து ஆயில் உறிஞ்சும் குழாயை அடைக்கும். டபுள் ரோலர் செயின் செட் போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை. கேமைப் போடும்போது டிகிரி வீல் (கோணம் குறித்த தட்டு) வைத்து இன்டேக் சென்டர்லைன், அதாவது இன்டேக் லோபின் உச்சி வரும் கோணம், கேமோடு வரும் அட்டையில் உள்ளபடி வருகிறதா என்று சரிபாருங்கள். 4 டிகிரி தாமதமாக உட்கார்ந்துவிட்டால் நீங்கள் காப்பாற்ற நினைத்த பிக்கப் அங்கேயே போய்விடும்.

சத்தத்துக்கு நான் செய்யச் சொல்வது, 2.5 அங்குல இரட்டைக் குழாய் எக்ஸாஸ்ட், நடுவில் எச் வடிவ இணைப்பு, நல்ல மஃப்ளர். 212/218 கேமோடு அது சேர்ந்தால் நின்றாலும் போனாலும் கேட்கும்படி இருக்கும்.

ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் ஆக்சில் கியரை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் முன்சக்கரங்களுக்கு முட்டு வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டிரைவ்ஷாஃப்ட் மூன்று சுற்றுக்கு ஒரு துளி மேல் சுற்றினால் 3.08, மூன்றரையைத் தாண்டினால் 3.55. அந்த எண்ணையும் இப்போதைய ஐடில் வாக்யூம் அளவையும் இங்கே எழுதுங்கள், 204-ஆ 212-ஆ என்று முடிவாகச் சொல்லிவிடுகிறேன்.