தேய்பிறையில் பால் காய்ச்சலாமா?

நாமக்கல் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "புது வீட்டு வேலை முடிந்துவிட்டது. தைப்பூசம் கழிந்து நாலைந்து நாளில் வரும் வெள்ளிக்கிழமை, உத்திர நட்சத்திரத்தில் காலை 6 மணி முதல் 7 மணிக்குள் பால் காய்ச்ச புரோகிதர் நேரம் குறித்தார். தேய்பிறை என்று மாமியார் மறுக்கிறார். அடுத்த வளர்பிறை முகூர்த்தம் மாசியில்தான் வருகிறது, மாசியில் குடிபோக வேண்டாம் என்றும் அவரே சொல்கிறார். வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். இதற்கிடையில் தாள் காலண்டரில் அன்று காலை 7.20 வரை சதுர்த்தி என்று இருக்கிறது. செல்போன் செயலியில் சதுர்த்தி 5.10க்கே முடிந்து பஞ்சமி வந்துவிடுகிறது. என் நட்சத்திரம் மிருகசீரிடம், கணவருக்குத் திருவோணம். இன்னொன்று, எங்கள் மகள் ஆடி அமாவாசையில் பிறந்தவள், பூச நட்சத்திரம், கடக ராசி. அமாவாசையில் பிறந்த பெண்ணுக்குக் கல்யாணம் சிக்கலாகும் என்று நாத்தனார் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை."

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாளை மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளுங்கள். மகள் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இனி காரணங்களுக்கு வருவோம்.

திதி என்பது சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு விலகி நிற்கிறது என்ற கணக்கு. இருவரும் ஒரே பாகையில் சேரும் நொடியில் அமாவாசை முடிகிறது. அங்கிருந்து சந்திரன் 12 பாகை விலகும்வரை பிரதமை, அடுத்த 12 பாகை துவிதியை, இப்படியே 180 பாகை போய்ச் சேரும்போது பௌர்ணமி முடியும். அதுவரை வளர்பிறை. மீதி 180 பாகையைக் கடந்து மறுபடி சூரியனிடம் வரும்வரை தேய்பிறை. மொத்தம் 30 திதிகள், ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்துக்குள்ளும் முடியலாம், 26 மணி நேரத்தைத் தாண்டியும் இழுக்கலாம். திதி விடியற்காலையில் தொடங்கி மறுநாள் விடியலில் முடிவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலண்டர் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மாமியாரின் மறுப்பை எடுத்துக்கொள்வோம். வளர்பிறை நல்லது, தேய்பிறை கெட்டது என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வீட்டுப் பேச்சு. சாஸ்திரம் பார்ப்பது சந்திரனின் பலத்தை. பழைய ஜோதிட முறையில் வளர்பிறைப் பிரதமையிலிருந்து தசமி வரை சந்திரனுக்கு நடுத்தர பலம், வளர்பிறை ஏகாதசியிலிருந்து தேய்பிறைப் பஞ்சமி வரை முழு பலம், தேய்பிறைச் சஷ்டியிலிருந்து அமாவாசை வரை குறைந்த பலம். 'தேய்பிறைப் பஞ்சமி வரை வளர்பிறைக் கணக்குதான்' என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் மாமியாரும் நிச்சயம் கேட்டிருப்பார். அந்த வார்த்தையையே அவரிடம் ஞாபகப்படுத்துங்கள், புத்தகத்தை நீட்டுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

கண்ணால் பார்த்தாலும் இது விளங்கும். தேய்பிறைப் பஞ்சமி தொடங்கும்போது நிலவின் முகத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஒளி இருக்கும், முடியும்போதும் முக்கால் பங்கு மிஞ்சும். வளர்பிறைத் திருதியையில் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக இருக்காது. ஆனாலும் வளர்பிறைத் திருதியை என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை, தேய்பிறைப் பஞ்சமி என்றால் முகம் சுளிக்கிறார்கள். வளர்கிறது என்ற எண்ணமே மங்கலமாகத் தோன்றுவதால் வந்த பழக்கம் இது. அதை நான் குறை சொல்லவில்லை. இரண்டும் கையில் இருந்தால் நானும் வளர்பிறையைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை, அவ்வளவுதான். நம் ஊர் தாள் காலண்டர்களே தேய்பிறை முகூர்த்தம் என்று தனியாக அச்சிட்டுத் தருகின்றன, அந்த நாட்களில் கல்யாண மண்டபங்களும் நிறையத்தான் செய்கின்றன.

உண்மையில் கவனிக்க வேண்டியது சதுர்த்தி. திதிகளை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: நந்தை, பத்திரை, சயை, ரிக்தை, பூரணை. சதுர்த்தி, நவமி, சதுர்த்தசி மூன்றும் ரிக்தை, அதாவது வெறுமையான திதிகள். பஞ்சமி, தசமி, பௌர்ணமி, அமாவாசை எல்லாம் பூரணை. புது வீட்டில் முதன்முதலாகப் பால் பொங்குவது ரிக்தையில் வேண்டாம், பூரணையில் இருக்கட்டும் என்பதுதான் முறை. அது வளர்பிறைச் சதுர்த்தியாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். உங்கள் மாமியார் பிறையைப் பார்த்துக் கவலைப்பட்டார், காலை 6 மணிக்குக் குறித்த அந்த நேரத்தில் கவனிக்க வேண்டியிருந்தது திதியை.

செயலியும் காலண்டரும் ஏன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபடுகின்றன? நம்மிடம் இரண்டு கணிதங்கள் புழக்கத்தில் உள்ளன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துச் சந்திரனின் இடத்தைச் சொல்வது. 248 நாள் சுழற்சிக்கு நாளுக்கு ஒரு வாக்கியம் வீதம் மனப்பாடமாக வைத்துக் கணக்குப் போட்டார்கள், கருவி எதுவும் இல்லாமல். நினைத்துப் பார்த்தால் பெரிய சாதனைதான். திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை ஒட்டியது. வானத்தில் சந்திரன் உண்மையில் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதமே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோயில்களில் பலவும் வழிவழியாகப் பார்க்கும் குடும்பங்களும் வாக்கியத்தை விடவில்லை. பல தாள் காலண்டர்கள் வாக்கியத்தையும் பல செயலிகள் திருக்கணிதத்தையும் பின்பற்றுவதால் இந்தச் சண்டை இப்போது ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது.

இதில் இன்னொரு நெளிவும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி முடிவை சூரிய உதயத்திலிருந்து நாழிகைக் கணக்கில் கொடுப்பார்கள், ஒரு நாழிகை 24 நிமிடம். அதை மணியாக மாற்றும்போது உதயத்தைச் சும்மா 6 மணி என்று வைத்துக்கொண்டால் தை மாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் பிசகும், ஏனென்றால் அப்போது உங்கள் பக்கம் சூரியன் உதிப்பது ஆறரை மணிக்குப் பிறகு. அதனால் காலண்டர் காட்டும் 7.20ஐ நிமிட சுத்தமாக நம்ப வேண்டாம்.

எந்தக் கணிதம் சரி என்று வீட்டில் விவாதம் நடத்துவதைவிட, இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். காலை 8 மணிக்கு மேல் இரண்டு கணக்கிலும் பஞ்சமி. உத்திரம் ஸ்திர நட்சத்திரங்களில் ஒன்று, நிலைத்து நிற்க வேண்டிய காரியத்துக்கு ரோகிணி, உத்திராடம், உத்திரட்டாதியோடு இதையும் விரும்பி எடுப்பார்கள். தை நடுவில் ஏறத்தாழ ஏழரையிலிருந்து ஒன்பது மணி வரை கும்ப லக்னம் ஓடும் (லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி), அதுவும் ஸ்திர ராசி. புரோகிதர் குறித்த நேரத்தில் இருந்த மகரம் சர ராசி, அதாவது நிலையாக நில்லாமல் நகரும் ராசி, ஆக லக்னத்திலும் உங்களுக்கு லாபமே. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான் தொடங்கும், எமகண்டம் மாலை 3 மணிக்கு. ஏழரையிலிருந்து ஒன்பது குளிகை ஆயிற்றே என்று யாராவது கேட்பார்கள். குளிகையில் செய்த காரியம் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் இறுதிச் சடங்குக்கு அதைத் தவிர்க்கிறார்கள். வீட்டுக்கு என்ன குறை? இன்னொரு வீடு வந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறீர்கள்? 8.10க்கும் 8.50க்கும் இடையில் பால் காய்ச்சலாமா என்று புரோகிதரிடம் கேளுங்கள். கணபதி ஹோமத்தை முன்கூட்டியே ஆரம்பித்து, பால் பொங்குவது மட்டும் இந்த நேரத்துக்குள் அமையும்படி வைத்துக்கொள்ளலாம். லக்னத்தின் தொடக்க, முடிவு நிமிடங்களை உங்கள் ஊருக்கு அவரே சரியாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்து தாரா பலம். வளர்பிறையில் சந்திர பலம் பார், தேய்பிறையில் தாரா பலம் பார் என்பது முகூர்த்தம் குறிப்பவர்கள் மறக்காத விதி. நம் ஜன்ம நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 2, 4, 6, 8, 9 நல்லது. 1, 3, 5, 7 வேண்டாம். உங்கள் மிருகசீரிடத்திலிருந்து உத்திரம் எட்டாவது, மைத்திர தாரை. கணவரின் திருவோணத்திலிருந்து எண்ணினால் பதினெட்டாவது, மீதியில்லாமல் வகுபடுவதால் ஒன்பதாகக் கொள்ள வேண்டும், அது பரம மைத்திரம். இரண்டுமே நன்றாக இருக்கிறது. உத்திரத்தின் முதல் பாதத்தைத் தவிர மற்ற மூன்றும் கன்னி ராசியில் வரும். அன்று காலை சந்திரன் கன்னியில் இருப்பதால் சந்திராஷ்டமம், அதாவது ஜன்ம ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கும் தோஷம், கும்ப ராசிக்காரர்களுக்கு மட்டும். உங்கள் இருவருக்கும் அது இல்லை. பிறையைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்த வீட்டில் இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தேய்பிறை என்றாலே ஒதுக்குவது நம் வழக்கத்துக்கே பொருந்தாது. கடன் அடைக்க, நோய்க்கு மருந்து தொடங்க, வழக்கை முடிக்க, குறைய வேண்டியவை எல்லாவற்றுக்கும் தேய்பிறையைத் தேடிப் போகிறவர்கள் நாம்தான். மூங்கிலை தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள் வெட்டுகிறவர்கள். தீபாவளிக் குளியல் தேய்பிறைச் சதுர்த்தசியில். அஷ்டமி, நவமியைப் பற்றி ஒரு கதையும் இருக்கிறது. எங்களை மட்டும் எல்லோரும் ஒதுக்குகிறார்களே என்று இரண்டும் பெருமாளிடம் முறையிட்டனவாம். சரி என்று அவர் நவமியில் ராமனாகவும் அஷ்டமியில் கண்ணனாகவும் பிறந்தார். கண்ணன் பிறந்தது தேய்பிறை அஷ்டமி. ஆனாலும் நாம் அந்த இரண்டு திதிகளிலும் கல்யாணம் வைப்பதில்லை, அது வேறு விஷயம்.

அமாவாசைக்கு வருவோம். தமிழ்நாட்டில் நிறைந்த அமாவாசை என்று சொல்லி வண்டி வாங்குகிறோம், கடை திறக்கிறோம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அதே நாளில் புதுக் காரியம் தொடங்கப் பெரும்பாலும் தயங்குவார்கள். ஒரே வானம், ஒரே நிலவு, ஊருக்கு ஒரு வழக்கம்.

அமாவாசையில் பிறந்த குழந்தை பற்றி நூல்களில் எதுவுமே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். பழைய நூல்கள் அமாவாசைப் பிறப்புக்குச் சாந்தி, அதாவது தோஷம் தணிக்கும் பூஜை, சொல்லியிருக்கின்றன. கூடவே தேய்பிறைச் சதுர்த்தசி, கிரகணம், சங்கராந்தி, சில நட்சத்திரங்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. வரிவரியாக எடுத்துக்கொண்டால் ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சாந்தி தேவைப்படும். ஜாதகத்தில் பார்ப்பது இதுதான்: ஒளி குறைந்த சந்திரனைப் பாபராக, அதாவது தீய பலன் தரும் கிரகமாக எண்ணுவார்கள், சந்திரன் குறிக்கும் மனம், தாய் ஆகிய காரகங்களுக்கு வேறு எங்கிருந்தாவது தாங்குதல் இருக்கிறதா என்று தேடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தாங்குதல் பிறப்பிலேயே இருக்கிறது. ஆடி மாதம் சூரியன் கடகத்தில். கடக ராசி என்கிறீர்கள், கடகம் சந்திரனின் சொந்த வீடு. சொந்த வீட்டில் நிற்கும் கிரகத்தை ஒளி குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவதில்லை. குரு பார்வை இருந்தால் இன்னும் நல்லது, கட்டத்தைக் கையில் வைத்து கடகத்தைக் குரு பார்க்கிறாரா என்று பாருங்கள். கடகத்திலேயே குரு இருந்தாலும், அல்லது விருச்சிகம், மகரம், மீனம் ஆகியவற்றில் ஒன்றில் இருந்தாலும் போதும். பிறந்த திதியை வைத்துச் சில ராசிகள் பலமிழக்கும் என்று திதி சூனியம் என ஒரு கணக்கு சொல்வார்கள், அதுவும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கிடையாது.

மனத் திருப்திக்கு அவள் ஜன்ம நட்சத்திரத்தன்று குலதெய்வத்துக்கு ஓர் அபிஷேகமும் நாலு பேருக்குச் சாப்பாடும் போதும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் பரிகாரத்தை யாராவது சொன்னால் அந்தப் பணத்தை அவள் பெயரில் போட்டு வையுங்கள். குழந்தை காதில் 'நீ அமாவாசையில் பிறந்தவள்' என்ற பேச்சு விழாமல் பார்த்துக்கொள்வது இந்தச் சாந்தியைவிட முக்கியம்.

நாத்தனார் சொன்ன கல்யாணப் பேச்சுக்கும் பதில் இருக்கிறது. நம் பக்கம் பார்க்கும் பத்துப் பொருத்தங்களில் தினம், கணம், யோனி, ரஜ்ஜு, வேதை எல்லாம் நட்சத்திரத்தை வைத்து, ராசி, ராசி அதிபதி, வசியம் எல்லாம் ராசியை வைத்து. திதிக்கு அதில் இடமே இல்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கப்போவது பூசமா, எத்தனையாம் பாதம் என்றுதான்.