முதல் ஸ்வெட்டர் யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 63. கணவருடன் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சமூக மன்றத்தில் பின்னல் கற்றுக்கொண்டேன். மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறான். அங்கே இலையுதிர்காலம் தொடங்குவதற்குள் ஸ்வெட்டர்கள் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக ஜூன் மாதமே பின்ன உட்கார்ந்துவிடுகிறேன். மகனுக்கு, மருமகளுக்கு, இரண்டு வயதுப் பேத்திக்கு என்று எல்லாமே நல்ல கம்பளி நூலில் பின்னியவை. அந்த மாதங்களில் சமைக்கக்கூட நேரம் இருக்காது. இரண்டு புளோக் தள்ளி இருக்கும் மகள்தான் டிபன் கேரியரில் இரவுச் சாப்பாடு கொண்டுவந்து தருவாள். பார்சலை அஞ்சலகத்தில் சேர்ப்பதும் அவள்தான். சென்ற முறை அவளுடைய எட்டு வயது மகன், “எனக்கு எங்கே பாட்டி?” என்று கேட்டான். “இங்கே ஏதுடா குளிர்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வருத்தம் என்னவென்றால், காணொளியில் பேசும்போது பேத்தி ஒருநாளும் நான் பின்னியதைப் போட்டிருப்பதில்லை. கேட்டால், சலவை இயந்திரத்தில் போட்டதில் ஸ்வெட்டர் பொம்மைச் சட்டைபோல் சுருங்கிவிட்டது என்று மருமகள் சாதாரணமாகச் சொல்கிறாள். கழுத்தில் கட்டிக்கொள்ளக் கயிறு வைத்துப் பின்னிய தொப்பியையும் போடுவதில்லை. என் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? பின்னுவதை நிறுத்திவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, வெளிநாட்டு மருமகள்களைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன. நடுவில் ஒரு வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டில் சேர்த்திருப்பேன். “எனக்கு எங்கே பாட்டி?” அந்த வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, “என் வருத்தம் என்னவென்றால்” என்று மருமகளிடம் போய்விட்டீர்கள். நான் அங்கே வரப்போவதில்லை, இப்போதைக்கு.

லீட்ஸில் இருப்பவர்கள் யாரும் உங்களிடம் ஸ்வெட்டர் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்காதவர்களுக்கு மூன்று ஆண்டுகள் பின்னியிருக்கிறீர்கள். வாய்விட்டுக் கேட்டவன் ஒருவன்தான். உங்கள் கண்ணெதிரே நின்று, பார்சல் பெட்டி மூடப்படுவதற்கு முன்னால் கேட்டான். எட்டு வயதுப் பிள்ளைக்குக் குளிர் அளக்கத் தெரியாது. பாட்டியின் மடியில் மாதக்கணக்கில் வளர்ந்த நூலில் தனக்குப் பங்கு இருக்கிறதா என்று அறியத் தெரியும். இல்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். உங்கள் உழைப்புக்கு மதிப்பில்லையா என்று என்னிடம் கேட்கிறீர்களே, அதை மதித்து ஆசைப்பட்ட ஒரே ஆளை நீங்களே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

“இங்கே ஏதுடா குளிர்?” என்பதும் சரியில்லை. நம் ஊரில் இலையுதிர்காலம் கிடையாது, உண்மைதான். ஆனால் உங்கள் பேரன் வெளியிலா வாழ்கிறான்? துணைப்பாட வகுப்பு, நூலகம், பெருவிரைவு ரயில், திரையரங்கு, பேரங்காடி என்று இந்த ஊர்ப் பிள்ளைகளின் நாளில் பாதி குளிரூட்டியின் கீழேதான் கழிகிறது. நூலகத்தில் கைகளைச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் டிசம்பர், ஜனவரியில் 22, 23 டிகிரிக்கு இறங்கும் நாட்களும் உண்டு. அதில் நனைந்துவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தால் பெரியவர்களுக்கே பல் கிட்டும். லீட்ஸின் வானிலையைக் கைப்பேசியில் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, இரண்டு புளோக் தள்ளி இருக்கும் குழந்தை எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான் என்று பார்க்கத் தோன்றவில்லை.

இனி உங்கள் மகளிடம் வருகிறேன். பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினாலே வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) அருகாமை மானியம் கிடைத்துவிடும். உங்கள் மகள் இரண்டு புளோக் தள்ளி வந்து குடியிருக்கிறாள். அவளுக்கும் வேலை இருக்கும், கணவர் இருக்கிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறான். அத்தனைக்கும் நடுவில் அவள் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் மகன் வீட்டுக்குப் பின்னியிருக்கிறீர்கள். அந்த ஸ்வெட்டர்களில் பாதி உழைப்பு அவளுடையது. பெட்டியைத் தூக்கிப் போய், வரிசையில் நின்று, சுங்கப் படிவத்தில் “கையால் பின்னிய ஆடைகள்” என்று எழுதியபோது அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? தன் பிள்ளைக்கு ஒன்று வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள். நம் வீட்டுப் பெண்கள் கேட்காமல் இருக்கவே வளர்க்கப்படுகிறார்கள், அந்த வளர்ப்பில் உங்களுக்கும் எனக்கும் பங்கு உண்டு.

மகன் தூரத்தில் இருப்பதால் அவனுடைய பங்கு கூடிவிடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. பெற்றவளின் கடமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான் என்றாலும், அவளைத் தினமும் தோளில் சுமக்கிற பிள்ளைக்கு அதை முதலில் செய்ய வேண்டும். “பக்கத்தில்தானே இருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா என் அன்பு?” என்று பல தாய்மார்கள் எனக்கு எழுதுகிறார்கள். தெரியாது. சொன்னால் தெரியும், செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது மருமகள். அவள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. கம்பளி இழையின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டு இயந்திரத்தில் சுழலும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிவிடும். பிறகு எந்த வித்தையாலும் பழைய அளவுக்கு வராது. குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் உருட்டி, படுக்கை வாட்டில் உலர்த்த வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தீர்களா? வைத்திருந்தாலும், நவம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில், வீட்டுக்குள் ஈரத் துணி நாள்கணக்கில் காயாமல் கிடக்கிற ஊரில், இரண்டு வயதுக் குழந்தை தினம் ஒருமுறை கஞ்சி கொட்டும் சட்டையைக் கையால் அலசிக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இருக்காது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் அச்சிட்ட சூப்பர்வாஷ் மெரினோ நூல் கடையில் கிடைக்கிறது; செதில்கள் மாட்டிக்கொள்ளாதபடி பதப்படுத்தியது. அதையாவது வாங்கியிருக்கலாம்.

கயிறு வைத்த தொப்பியைப் போடாததற்காக அவளுக்கு நன்றி சொல்லுங்கள். கயிறு எதிலாவது மாட்டினால் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும். குழந்தைகளின் மேலாடைத் தலைமூடியில் இழுகயிறு வைத்து விற்பதை இங்கிலாந்து 1976லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அவள் செய்தது ஒரு தாய் செய்ய வேண்டிய வேலை. கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லி இன்றே செய்தி அனுப்புங்கள்.

பின்னுவதை நிறுத்த வேண்டாம். வரிசையை மாற்றுங்கள். அடுத்த ஸ்வெட்டர் பேரனுக்கு. நூல் வாங்க சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்கு அவனையும் அழைத்துப் போங்கள். நிறத்தை அவனே எடுக்கட்டும், கண்ணைக் கூசும் பச்சையாக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். நம் ஊருக்குப் பருத்தி நூல் நல்லது. உடம்பில் குத்தாது, துவைப்பதும் சுலபம். ஆனால் கம்பளியைப்போல் இழுத்து விட்டால் பழையபடி சுருங்கும் தன்மை பருத்திக்குக் கிடையாது, கனமும் அதிகம், போடப் போட நீளும். ஆகவே பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகு அளந்து கணக்குப் போடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மார்புச் சுற்றளவு பொதுவாக 67 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், அதற்குமேல் ஏழெட்டு சென்டிமீட்டர் தளர்வு கொடுக்கலாம். பொதுக் கணக்கை நம்பி உட்காராதீர்கள். அவனை நிறுத்தி வைத்து அளவு நாடாவால் அளந்து பாருங்கள். அன்றைக்கு அவனிடம், போன முறை நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்லப் பெரியவர்களுக்கு நா எழுவதில்லை; எழ வேண்டும்.

அது முடிகிறவரை இரவுச் சமையல் உங்களுடையது. மகள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்து, டிபன் கேரியரை நீங்கள் கொண்டு போங்கள். இரண்டு புளோக் நடப்பது 63 வயதில் உடம்புக்கும் நல்லது.

லீட்ஸுக்கு அதற்கப்புறம். பேத்திக்கு இந்த ஆண்டு என்ன அளவு, என்ன வேண்டும், பின்னியது வேண்டுமா என்று மருமகளிடமே கேளுங்கள், மகன் வழியாக வேண்டாம். ஒரு காலுறை போதும் என்றால் காலுறை பின்னுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் எதுவும் அனுப்பாதீர்கள்.