அரிய மசில் கார் (நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க வண்டி) ஒன்றைத் தேடிப்பிடித்து ரெஸ்டோர் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? வாங்கும்போது அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

உண்டு. என்னுடையது 1969 பாண்டியாக் ஜி.டி.ஓ. ஜட்ஜ். நான் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம், வாகன உதிரிபாகத் துறையில் வேலை பார்க்கிறேன். பாண்டியாக் என்ற ஊர் எங்களுக்குக் கொஞ்ச தூரம்தான். இங்குள்ள தமிழர்கள் பலருக்கு அது பராசக்தி கோயில் இருக்கும் ஊர். எனக்கு அது என் வண்டி பிறந்த ஊரும்கூட.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. அந்தக் கம்பெனியின் ஒரு பிரிவான பாண்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினை எடுத்து, டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காருக்குள் வைத்தார்கள். தனி மாடலாக அறிவிக்காமல், கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ‘ஆப்ஷன்’ என்று ஜி.டி.ஓ. என்ற பெயரில் பட்டியலில் சேர்த்ததால் விதியைத் தாண்டிவிட முடிந்தது. முதல் வருடமான 1964இல் மட்டும் 32,450 விற்றது. மசில் கார் மோகம் அதிலிருந்துதான் சூடுபிடித்தது. பிறகு பிளிமத் கம்பெனியின் ரோட் ரன்னர் குறைந்த விலையில் வந்து கூட்டத்தை இழுத்தபோது, அதற்குப் பதிலடியாக 1969இல் வந்ததுதான் ஜட்ஜ். ஜி.டி.ஓ. விலைக்கு மேல் 332 டாலர் கொடுத்தால், பானட் துவாரம் வழியாக வெளிக்காற்றை இழுக்கும் 366 குதிரைத்திறன் ராம் ஏர் 3 எஞ்சின், பின்னால் இறக்கை, பக்கவாட்டில் பட்டை ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து வரும். அந்த வருடம் செய்தவை 6,833. அதில் கூரை திறக்கும் கன்வர்டிபிள் 108 மட்டுமே.

போலிகள் ஏன் இவ்வளவு என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. 1969இல் ஜி.டி.ஓ. மொத்தம் 72,000க்கு மேல் செய்தார்கள். சாதாரண ஜி.டி.ஓ. ஒன்றை வாங்கி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, இறக்கையைப் பொருத்தி, ஸ்டிக்கரை ஒட்டினால் பார்வைக்கு ஜட்ஜ் தயார். இறக்கை, ஸ்டிக்கர், சக்கரம் எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். கண்ணுக்கு அழகாகத் தெரியும் எதுவும் இங்கே சாட்சி ஆகாது.

முதலில் வின் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்ணைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் மேல் ஒரு சிறு தகடு தெரியும். 1969 வண்டியில் முதல் எண் 2 என்றால் பாண்டியாக். அடுத்த 42 என்பது ஜி.டி.ஓ. அதற்கடுத்த 37 என்றால் ஹார்ட்டாப் (திறக்காத கூரை), 67 என்றால் கன்வர்டிபிள். பிறகு 9 என்பது வருடம். அதன்பின் வரும் எழுத்து தொழிற்சாலை: பி (P) என்றால் பாண்டியாக், அதற்குப் பதிலாக இசட் (Z) இருந்தால் கலிபோர்னியாவின் ஃபிரெமாண்ட். இதையெல்லாம் படித்து முடித்தாலும் ஒன்று தெரியாது: அது ஜட்ஜா இல்லையா என்பது. ஜட்ஜ் வெறும் ஆப்ஷன் என்பதால் வின் நம்பரில் அதன் தடயமே இல்லை.

பாண்டியாக் தேடுகிறவர்களுக்கு இங்கேதான் ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது. மற்ற பல கம்பெனிகளின் பழைய ஆவணங்கள் தொலைந்துவிட்டன. பாண்டியாக்கின் ஆவணங்கள் பிழைத்தன. பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, எல்லோரும் பி.எச்.எஸ். என்பார்கள். வின் நம்பரையும் கட்டணத்தையும் அனுப்பினால், அந்தக் குறிப்பிட்ட வண்டி தொழிற்சாலையிலிருந்து டீலருக்குப் போனபோது எழுதிய பில்லின் நகலைத் தருவார்கள். என்ன எஞ்சின், என்ன கியர்பாக்ஸ், என்ன வண்ணம், எந்தெந்த ஆப்ஷன் என்று வரிவரியாக இருக்கும். ஜட்ஜ் என்ற வரி அதில் இருந்தால் ஜட்ஜ். இல்லாவிட்டால், வண்டியில் எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இல்லைதான். விற்பவர் இந்தக் காகிதத்தைக் காட்டினாலும், நீங்களே தனியாக ஒரு நகல் வாங்குங்கள்.

எனக்குக் கிடைத்த வண்டி ஒஹாயோவில், ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்தது. கரும்பச்சை வண்ணம், இறக்கை இல்லை, ஸ்டிக்கர் இல்லை. உரிமையாளர் வயதானவர். 1970களில் வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தார். இது ஜட்ஜ் என்று அப்போது யாரோ சொன்னதாக ஞாபகம், ஆனால் நிச்சயமில்லை என்றார். டிக்கி மூடியைத் திறந்து அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன். இறக்கைக்குத் துளைபோட்டுப் பிறகு அடைத்த தடம் இருந்தது. பின்சீட்டைத் தூக்கினால் அடியில் பச்சை இல்லை, கேரௌசல் ரெட். பெயரில்தான் சிவப்பு, பார்க்க நல்ல ஆரஞ்சு. டேஷ்போர்டுக்குக் கீழே, பானட்டின் காற்றுத் துவாரத்தைத் திறக்கும் ராம் ஏர் குமிழும் அப்படியே இருந்தது. மனசு படபடத்தது. இருந்தாலும் அன்று விலை பேசவில்லை. அவருக்குத் தெரியவே பி.எச்.எஸ். நகலுக்கு எழுதினேன். வந்ததை அவரிடமே காட்டினேன். அசல் ஜட்ஜ். அவர் விலையை ஏற்றினார், நான் கொடுத்தேன். அவர் அவ்வளவு வருடம் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றியதற்கு அது நியாயமான விலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காகிதம் சரி என்றதும் அடுத்தது எஞ்சின். பாண்டியாக் வி8இல் எதிரே நின்று பார்த்தால் எஞ்சின் பிளாக்கின் முன்முகத்தில், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, இரண்டு எழுத்துக் குறி அடித்திருக்கும். 1969 ராம் ஏர் 3 என்றால், மேனுவல் கியருக்கு டபிள்யூ.எஸ்., ஆட்டோமேட்டிக்குக்கு ஒய்.இசட். ராம் ஏர் 4 என்றால் டபிள்யூ.டபிள்யூ. அல்லது எக்ஸ்.பி. அதற்குப் பக்கத்தில் வண்டியின் வின் நம்பரில் கடைசிப் பகுதியும் இருக்க வேண்டும். குறி பி.எச்.எஸ். காகிதத்தோடும் எண் வின் நம்பரோடும் ஒத்துப்போனால்தான் பிறந்த எஞ்சினோடு இருக்கும் வண்டி. ஏமாற்றுகிறவர்கள் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பதும் உண்டு. கிரைண்டர் கோடு தெரிகிறதா, எழுத்துகள் ஏறி இறங்கி நிற்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் துரு. பணத்தை உண்மையில் விழுங்குவது இதுதான். எஞ்சின் வேலைக்குக் கணக்குப் போட்டுவிடலாம், துருவுக்கு முடியாது. மிச்சிகன், ஒஹாயோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள், வண்டி அடியிலிருந்து அரித்துவிடும். இந்த மாடலில் எல்லோரும் கவனிக்கத் தவறும் இடம் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு. அங்கே குரோம் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கித் தகட்டை ஓட்டையாக்கும். அந்த ஓட்டை வழியாக டிக்கிக்குள் தண்ணீர் இறங்கி, டிக்கித் தரையும் போகும். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் இன்னும் மோசம். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்த்தகடு, முன் ஃபெண்டரின் அடிமூலை, உடம்பும் ஃபிரேமும் சேரும் இடங்கள், பின்சக்கரத்துக்கு மேல் ஃபிரேம் வளையும் இடம், எல்லாவற்றையும் படுத்துக் குனிந்து பார்க்க வேண்டும். சின்ன காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. (முன் பம்பரிலும் ஒட்டாது. பயப்பட வேண்டாம், அந்த எண்டுரா பம்பரின் மேற்பகுதி பிறப்பிலேயே ரப்பர் மாதிரியான பொருள்.)

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் காலப் பாண்டியாக் எஞ்சினில் டைமிங் கியரின் (கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் பல்சக்கரம்) பற்கள் நைலான் பூசியவை. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் நைலான் நொறுங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடிச் சாகும். என் வண்டியின் சம்ப்பைக் கழற்றியபோது அந்தத் துணுக்குகள் அடியில் கிடந்தன.

பிரிக்கும் வேலை மீட்டெடுப்பதில் பாதி. ஒவ்வொரு நட்டையும் கழற்றும் முன் போட்டோ, கழற்றியதும் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது. ஜி.டி.ஓ.வில் உடம்பு தனி, ஃபிரேம் தனி என்பதால் முழுக்கத் தூக்கிப் பிரிக்கலாம். பெரிய தட்டையான தகடுகளில் சாண்ட் பிளாஸ்டிங் வேண்டாம், மணல் மோதும் வேகத்தில் தகடு நெளிந்துபோகும். கெமிக்கல் போட்டு உரிப்பது மெதுவான வேலை, ஆனால் பாதுகாப்பு. டிங்கரிங், வெல்டிங் வேலையை நான் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். ஓட்டையின் மேல் புதுத்தகட்டை ஒட்டவைக்காமல், கெட்ட இடத்தை வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பத்தவைக்கிறவராகப் பாருங்கள். பாகங்கள் கிடைப்பது பிரச்சினையே இல்லை. பாண்டியாக்குக்கென்றே ஏம்ஸ் பெர்ஃபாமன்ஸ் போன்ற கடைகள் இருக்கின்றன. ஆனால் அசல் ஃபெண்டர் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்தால் அதையே காப்பாற்றுங்கள். புதிதாகச் செய்து வருவது கதவு இடைவெளியில் அவ்வளவு எளிதாகப் பொருந்தாது.

எஞ்சினில் ஒரு முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். ராம் ஏர் 3இன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம், 10.75க்கு 1. அன்றைய ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோலுக்கு ஏற்றது அது. இன்றைய 93 ஆக்டேன் பெட்ரோலில் மேட்டில் ஏறும்போது டக்டக்கென்று தட்டும். வேறு பிஸ்டன் போட்டு 9.5 பக்கம் இறக்கினேன். அசல் பிஸ்டன்களைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓட்டாமல் மேடையில் நிறுத்துவதற்கென்றால் அவர்கள் சொல்வது சரி. என் வண்டி சாலைக்கு வர வேண்டும் என்றுதான் நான் இதைச் செய்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது, எந்த எண்ணையும் தொடவில்லை.

வண்ணம் கேரௌசல் ரெட்டுக்கே திரும்பியது. எண்டுரா பம்பருக்கு மட்டும் வளைந்து கொடுக்கும்படி கலவை சேர்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினின் முதல் ஸ்டார்ட்டில் மிகவும் கவனம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில் கொண்டு ஆயில் பம்பைச் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் போன பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்ததும் ஐடிலில் விடக் கூடாது. ஏறத்தாழ 20 நிமிடம், எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். புதுக் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் தெறித்துத்தான் போய்ச் சேரும், வேகம் குறைந்தால் தேய்ந்துவிடும். ஆயிலும் துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ளதாக இருக்க வேண்டும், இன்றைய கார்களுக்கான ஆயில் இதற்குப் போதாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண பாலிசி வேண்டாம், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேளுங்கள். அதற்கும் அந்த பி.எச்.எஸ். காகிதத்தைத்தான் கேட்பார்கள்.