கணக்குக் கேள்வி பதில்: மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.)

கேள்வி: 899, 1147 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி காண வேண்டும். 2, 3, 5, 7, 11, 13 வரை வகுத்துப் பார்த்தேன், எதிலும் போகவில்லை. விடை 1 என்று எழுதினேன். தவறாம். ஏன்?

பதில்: சின்னப் பகா எண்களில் வகுபடாததால் மட்டும் பொதுக் காரணி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இத்தகைய எண்களைக் காரணிப்படுத்த உட்கார்ந்தால் நேரம்தான் போகும். மீதியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

1147ஐ 899ஆல் வகுத்தால் மீதி 248. அடுத்து 899ஐ 248ஆல் வகுக்க, மீதி 155. இப்படியே முந்தைய வகுத்தியை மீதியால் வகுத்துக்கொண்டே வந்தால் 93, 62, 31 என்று மீதிகள் குறையும். 62ஐ 31ஆல் வகுத்தால் மீதி 0. கடைசியாக வகுத்த 31தான் மீ.பெ.கா. (899 = 29 × 31; 1147 = 31 × 37.)

இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும், ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் மீதியையும் வகுத்தே தீரும். அதனால் எண்கள் சிறுத்தாலும் பொதுக் காரணிகள் மாறுவதில்லை. கிரேக்கக் கணிதர் யூக்ளிட் சுமார் கி.மு. 300இல் எழுதிவைத்த வழி இது. இன்றும் இதைவிட எளிதாகக் கையால் செய்யத்தக்க வழி இல்லை என்றே சொல்வேன். எத்தனை முறை வகுக்க வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் வேண்டாம். சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ, அதன் ஐந்து மடங்கைத் தாண்டாது என்று 1844இல் பிரெஞ்சுக் கணிதர் கேப்ரியல் லாமே நிறுவினார். இங்கே 15 வரை போகலாம், ஆறிலேயே முடிந்துவிட்டது.

மீ.சி.ம.வும் வேண்டுமென்றால் இரு எண்களையும் பெருக்கிவிட்டு மீ.பெ.கா.வால் வகுக்காதீர்கள். முதலில் 899 ÷ 31 = 29, பிறகு 29 × 1147 = 33263. பெரிய பெருக்கலில் நேரும் பிழை இதனால் தவிரும்.

கேள்வி: 24, 36, 45க்கு வகுத்தல் முறையில் மீ.சி.ம. 4320 வந்தது. விடைப் பட்டியலில் 360.

பதில்: பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். 3ஆல் வகுத்ததும் 8, 12, 15 கிடைக்கும். மூன்றுக்கும் பொதுவான காரணி இனி இல்லை, ஆகவே மீ.பெ.கா. 3, அந்தக் கணக்கு அங்கே முடிகிறது. மீ.சி.ம.வுக்கோ ஏதேனும் இரண்டு எண்களாவது ஒரே எண்ணால் வகுபட்டுக்கொண்டிருக்கும்வரை தொடர வேண்டும். வகுபடாத எண்ணை அப்படியே கீழே இறக்குங்கள். 2ஆல் 4, 6, 15. மறுபடி 2ஆல் 2, 3, 15. 3ஆல் 2, 1, 5. இப்போது 3 × 2 × 2 × 3 × 2 × 1 × 5 = 360.

இதைவிடக் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு: பகு எண்ணால் வகுப்பது. 6, 12, 20ஐ 4ஆல் வகுத்தால் 6 அப்படியே இறங்கி, 6, 3, 5 வரும். பிறகு 3ஆல் 2, 1, 5. பெருக்கினால் 120. சரியான விடை 60. 6க்குள் இருக்கும் 2 ஏற்கெனவே 4இல் அடங்கியிருக்க, அது இன்னொரு முறை எண்ணப்பட்டுவிட்டது. பகா எண்ணால் மட்டும் வகுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: இரண்டு எண்களின் பெருக்கற்பலன் = மீ.பெ.கா. × மீ.சி.ம. இது மூன்று எண்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 4, 6, 10ஐ எடுங்கள். பெருக்கற்பலன் 240, மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 60, இவற்றின் பெருக்கல் 120தான். மூன்று எண்களுக்கு மீ.சி.ம. வேண்டுமென்றால் முதல் இரண்டுக்கு மீ.சி.ம. 12 கண்டு, அதையும் 10ஐயும் சேர்த்து 60 காணுங்கள்.

கேள்வி: மீதி சொல்லிக் கேட்கும் கணக்குகளில் எதைக் காண்பது என்றே குழம்புகிறது.

பதில்: தேடும் எண் வகுக்கிறதா, வகுபடுகிறதா என்று முதலில் பாருங்கள். 245, 1029 இரண்டையும் வகுத்து மீதி 5 தரும் மிகப்பெரிய எண் என்றால், அது வகுக்கும் எண். 5ஐக் கழித்து 240, 1024க்கு மீ.பெ.கா. காண, 16. வகுத்தி மீதியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 16, 5ஐவிடப் பெரியதுதான். 6, 8, 15ஆல் வகுத்தால் முறையே 4, 6, 13 மீதி தரும் மிகச்சிறிய எண் என்றால், அது வகுபடும் எண். ஒவ்வொன்றிலும் வகுத்திக்கும் மீதிக்கும் வித்தியாசம் 2 என்பதைக் கவனியுங்கள். மீ.சி.ம. 120, அதில் 2 குறைய 118.